ஆயிரத்து நூற்று நாற்பதும் ஒன்றும்

ஈரல் டாக்டருக்கு நினைவுப் பலகை வைக்கப் போகிறார்களாம். துறை வாசலில், லிஃப்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே இருக்கிற சுவரில். அவருடைய படம், பிறந்த தேதி, இறந்த தேதி, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'ஆய்வுக் கட்டுரைகள் 64, மேற்கோள்கள் 1,140'. மாதிரியை அச்சடித்து எடுத்துக்கொண்டு போன வெள்ளிக்கிழமை அலுவலக எழுத்தர் என் மேஜைக்கு வந்தார்.

"நீங்களும் அவரைப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்கம்மா. இருபத்தாறு வருஷம் அவர்கூட குப்பை கொட்டினது நீங்கதானே?"

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாலு வரியில எழுத அவர் என்ன வாடகை வீட்டு விளம்பரமா?" என்று எழுத்தரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். மனிதர் தாளை அங்கேயே போட்டுவிட்டு நடையைக் கட்டினார். அவர் மேல் என்ன தப்பு? அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இன்று காலை நடந்த ஒரு காரியத்துக்குப் பிறகு அதை எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நான் டாக்டர் இல்லை. பரிசோதனைக்கூடத்தில் துணுக்கு வெட்டுகிறவள். நோயாளியின் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி விட்டு ஈரலில் இருந்து எடுக்கிற துணுக்கு என்னிடம் வரும். தடித்த நூல் மாதிரிதான் இருக்கும். அதை மெழுகில் பதித்துக் கட்டியாக்கி, வெட்டும் இயந்திரத்தில் பொருத்தி, காற்றில் பறக்கிற மெல்லிசில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போட்டுக் கொடுப்பேன். கையிலும் கத்தி, வாயிலும் கத்தி என்று சொல்லி எனக்குக் கத்தியம்மா என்று பெயர் வைத்தவர் அவர்தான். அவருக்கு ஈரல் டாக்டர் என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. ஆனால் அதைக் கேட்டால் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். இரண்டு காலில் இரண்டு நிறத்தில் காலுறை போட்டுக்கொண்டு வருவார். நோயாளியிடம் பேசும்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் பேசுவார். அவருக்கு ஒரே ஒரு பித்து, மேற்கோள். ஒருவர் எழுதிய கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டினால் அது ஒரு மேற்கோள். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அவர்கள் உலகத்தில் ஆளை எடை போடுவதே அதை வைத்துத்தான். திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து எண்ணைப் பார்ப்பார். பார்த்த கையோடு என் அறை வாசலில் வந்து நிற்பார்.

"கத்தியம்மா, இன்னைக்கு எவ்வளவுன்னு கேளுங்க."

"எவ்வளவு டாக்டர்?"

"முந்நூத்திப் பதினொண்ணு!"

அவர் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. எங்களுக்கெல்லாம் டீச்சர். "வீட்டுக்குப் பால் வாங்கிட்டு வந்தீங்களான்னு கேட்டா முந்நூத்திப் பதினொண்ணுங்கறார். அது பால் பாக்கெட்டான்னு நான் கேட்டேன்" என்று ஒருநாள் சொன்னார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அவருடைய அறுபத்து நான்கு கட்டுரைகளில் அறுபது இருந்த இடம் தெரியாது. ஒன்றுதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. ஈரலில் தழும்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க அதுவரை ஊசிதான் வழி. வலி, பயம், சிலருக்கு ரத்தக் கசிவு. இவர் ஒரு கணக்குக் கண்டுபிடித்தார். வயது, ரத்தப் பரிசோதனையில் கிடைக்கிற மூன்று எண்கள், நான்கையும் பெருக்கி வகுத்தால் ஒரு விடை வரும். விடை 1.3க்குக் கீழே இருந்தால் பெரிதாகத் தழும்பு இல்லை, ஊசி வேண்டாம், வீட்டுக்குப் போகலாம். எத்தனையோ பேரை ஊசியில் இருந்து காப்பாற்றிய கணக்கு அது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஆய்வுக்கு 243 பேரின் துணுக்குகளை வெட்டினேன். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. துணுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு முழுசாக வர வேண்டும். நொறுங்கி வந்தால் அதை வைத்து முடிவு சொல்லக்கூடாது, கணக்கில் இருந்து எடுத்துவிட வேண்டும். எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம். அந்த விதிப்படி 31 பேரை நீக்கினோம். நீக்கியவற்றின் மெழுகுக் கட்டிகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே 'உடைந்தவை' என்று என் கையாலேயே எழுதி அலமாரியின் அடித்தட்டில் தள்ளினேன். மிச்சம் 212 பேரை வைத்து அவர் கட்டுரை எழுதினார்.

ஐந்து வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு மளிகைக்கடைக்காரர் ரத்தவாந்தி எடுத்துக்கொண்டு வந்தார். ஈரல் முழுக்கத் தழும்பு. பழைய தாள்களைப் புரட்டினால் அவருடைய எண் 1.2. நீக்கப்பட்ட 31 பேரில் அவரும் ஒருவர். டாக்டர் என் அறைக்கு வந்து நின்றார். அன்று திங்கட்கிழமை இல்லை.

"கத்தியம்மா, அந்த உடைஞ்சதெல்லாம் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"மெழுகுக் கட்டிய நான் எப்ப டாக்டர் தூக்கிப் போட்டிருக்கேன்?"

பெட்டியை இறக்கினோம். நான் மறுபடி வெட்டிக் கொடுத்தேன், அவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். மூன்று நாள். மூன்றாம் நாள் மத்தியானம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"துணுக்கு ஏன் உடையுது தெரியுமா? ஈரல் கல்லாயிருந்தா ஊசிக்கு முழுசா வராது, நொறுங்கித்தான் வரும். அப்படின்னா நாம யாரைத் தூக்கி வெளிய போட்டிருக்கோம்? இருக்கறதுலயே மோசமா இருந்தவங்களை! அவங்களை நீக்கிட்டு, கணக்கு சரியா வருதுன்னு கூத்தாடியிருக்கோம்."

முப்பத்தொன்றில் பத்தொன்பது பேருக்குக் கடுமையான தழும்பு. அந்தப் பத்தொன்பதில் பதினோரு பேருடைய எண் 1.3க்குக் கீழே. கணக்கு அவர்களைப் பார்த்து 'வீட்டுக்குப் போ' என்றிருக்கும்.

அன்றைக்கே உட்கார்ந்து அதே ஆய்விதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அரைப் பக்கம். 'எங்கள் கணக்கை மட்டும் நம்பி யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்' என்பதுதான் சாரம். எழுதியவர்கள் என்று மூன்று பெயர்: அவர், துணுக்குகளைக் கூடவே பார்த்த நோய்க்கூறு டாக்டர், மூன்றாவதாக நான். "கட்டிய பத்திரமா வெச்சிருந்தது நீங்கதானே?" என்றார். என் பெயர் அச்சில் வருவது அதுதான் முதல் தடவை. கடிதத்தோடு ஒரு படிவம் போக வேண்டும், அதில் மூன்று பேரும் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அவர் போட்டார், நோய்க்கூறு டாக்டரும் போட்டார். அங்கிருந்து படிவம் நேராக என்னிடம் வந்தது.

இங்கேதான் நான் வாலை நீட்டினேன்.

துறைத்தலைவர் பதவிக்கு நேர்காணல் மூன்று மாதத்தில் இருந்தது. போட்டிக்கு நின்றவர் நெஞ்சு டாக்டர். அவர் வந்தால் எங்கள் பரிசோதனைக்கூடத்தைக் கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் பக்கத்தில் கொண்டுபோய்த் தள்ளுவார் என்று பேச்சு. நம் ஆள் பக்கம் இருந்த ஒரே பலம் அந்தக் கட்டுரையும் அதன் மேற்கோளும். அதையே போய் அவரே தப்பு என்று எழுதினால்?

"மூணு மாசம்தானே டாக்டர்? நேர்காணல் முடியட்டும். இப்ப போய் உங்க தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கணுமா?"

"தப்பு கத்தியம்மா. உடனே அனுப்பணும்."

"மூணு மாசத்துல யார் குடி முழுகிடப் போகுது?"

அவர் என்னைப் பார்த்தார். அந்த எண் மேல் அவருக்கும் ஆசைதான். தலையை ஆட்டிவிட்டுப் போனார். படிவத்தை என் மேஜையின் மூன்றாவது இழுப்பறையில், பிளேடு பெட்டிக்குக் கீழே வைத்தேன்.

நேர்காணல் இரண்டு தடவை தள்ளிப்போனது. ஏழாவது மாதத்தில் அவர் துறைத்தலைவர் ஆனார். எட்டாவது மாதம் கேட்டார், "அந்தக் கடிதம் என்னாச்சு?" பதவி நிரந்தரமாக ஒரு வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். "நோய்க்கூறு டாக்டர் இன்னும் கையெழுத்து போடல டாக்டர், நான் விரட்டிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவர் நம்பினார். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவார்?

பத்தாவது மாதம் என் அக்காவிடம் இருந்து போன். அக்கா தையல்காரி. நகரத்தின் மறுகோடியில் இருக்கிறாள். களைப்பாக இருக்கிறது என்று வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள்.

"ஏண்டி, உங்க டாக்டர் பெரிய ஆள்தான் போல! இங்க ஒரு சின்ன டாக்டர் அவர் கணக்கைப் போட்டுத்தான் பார்த்தார். ஒண்ணு புள்ளி ஒண்ணாம். பயமே இல்லையாம், மூணு வருஷம் கழிச்சு வந்தா போதுமாம். அந்த டாக்டர்கிட்டதான் என் தங்கச்சி வேலை பாக்கறான்னு சொன்னேன். எழுந்து நிக்காத குறைதான்!"

முதலில் எனக்குப் பெருமைதான் வந்தது. சத்தியமாகப் பெருமைதான். அதற்குப் பிறகுதான் நெஞ்சில் சுருக்கென்றது.

"எதுக்கும் இங்க ஒருதடவை வந்து காட்டிட்டுப் போயேன்க்கா."

"வரேன் வரேன். பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, சீருடை தைக்க மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே?"

நான் அழுத்திச் சொல்லவில்லை. அழுத்திச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். 243 பேரில் பதினோரு பேர்தானே, அதில் நம் அக்காவா இருக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறாவது மாதம் அக்கா வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி வந்தாள். ஈரல் டாக்டர் பழைய சீட்டை வாங்கிப் பார்த்தார். சின்ன டாக்டர் ஒழுங்கான ஆள், எதை வைத்து முடிவு செய்தார் என்று எழுதியிருந்தார். 'எண் 1.1. ஊசி தேவையில்லை.' பக்கத்தில் ஆதாரமாக ஒரு கட்டுரை. எங்கள் டாக்டர் தன் பெயரைத் தானே அங்கே படித்தார். சீட்டை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, உங்களுக்கு ஒரு சின்ன ஊசி போட்டுப் பார்க்கணும்" என்று அக்காவிடம் சொன்னார். குரல் அவர் குரலாக இல்லை.

அக்காவின் துணுக்கு என்னிடம்தான் வந்தது. வேறு யாராவது செய்யட்டும் என்றார்கள். நான் விடவில்லை. குப்பியைத் திறந்தேன். ஆறு துண்டு. எண்ணிப் பார்க்கவே வேண்டாம், ஆனாலும் எண்ணினேன். மூன்றாவது இழுப்பறையைத் திறந்து, பிளேடு பெட்டியைத் தள்ளி, படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அன்றைய தேதியையே போட்டேன். பழைய தேதி போட்டிருக்கலாம். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். மூன்று கையெழுத்தையும் பார்த்தார். மூன்று தேதியையும் பார்த்தார். அவருடையதும் நோய்க்கூறு டாக்டருடையதும் பதினாறு மாதப் பழசு. என்னுடைய மை இன்னும் காயவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பேன். "இன்னைக்கே அனுப்பிடறேன் கத்தியம்மா" என்று மட்டும் சொன்னார்.

அக்காவைப் பார்க்கச் சின்ன டாக்டர் இரண்டு பஸ் மாறி வந்தார். முகம் வெளுத்திருந்தது. நடைவழியில் என்னைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நான் அந்த இதழை ஒண்ணு விடாம படிக்கறவன்மா. இப்படி ஆகலாம்னு ஒரு வரி வந்திருந்தாகூட உங்க அக்காவைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன்."

அந்த ஒரு வரி பிளேடு பெட்டிக்குக் கீழே இருந்தது. எழுதிய அன்றே போயிருந்தால் ஐந்தாவது மாதமே அச்சில் வந்திருக்கும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. "உங்க மேல தப்பில்ல டாக்டர்" என்றேன், ஏதோ நான் மன்னிக்கிறவள் மாதிரி.

அதற்குப் பிறகு அக்கா பதினான்கு மாதம்தான் உயிரோடு இருந்தாள். கடைசி வரைக்கும் டாக்டரைக் கேலி செய்துகொண்டிருந்தாள். "உங்க சட்டையில ஒரு பட்டன் ஆடுது, கழட்டிக் குடுங்க, தைச்சுத் தரேன்" என்பாள். ஒருநாள் அவரும் நிஜமாகவே கழற்றிக் கொடுத்துவிட்டு, மேலங்கியை மட்டும் போட்டுக்கொண்டு வார்டைச் சுற்றினார். இறந்துபோன வாரத்தில் என்னிடம், "உங்க டாக்டர் ரொம்ப வருத்தப்படறார்டி. அவர் என்ன செய்வார், பாவம்?" என்றாள். நான் போர்வையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

கடிதம் அச்சில் வந்தது. இதழின் பின்பக்கத்தில், ஒரு மூலையில். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் கட்டுரையின் மேற்கோள் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. அதுவரை அதை மேற்கோள் காட்டியவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேர். டாக்டர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினார். நான் முகவரி தேடிக் கொடுத்தேன். நாற்பது பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர் நன்றி சொல்லிவிட்டு, தன்னுடைய கட்டுரையை மேற்கோள் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அந்த ஆளைத் தேடிப்போய் உதைக்கலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை மாறிவிட்டது. அவர் கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை. நான் திறந்து பார்ப்பேன், கடிதத்தை மட்டும். அவர் வாசலில் வந்து நிற்பார்.

"இன்னைக்கு எவ்வளவு?"

"சைபர் டாக்டர்."

"சரி."

ஓய்வு பெறுகிற வரைக்கும் இதேதான். ஓய்வு பெற்ற பிறகு போனில் கேட்டார். நாலு மாதத்துக்கு முன்னால் மாரடைப்பில் போனார். கடைசியில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் நெஞ்சு டாக்டர்தான். அவரைப் பற்றி நான் பேசிய பேச்சுக்கெல்லாம் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பழக்கதோஷத்தில் இன்று காலையும் திறந்து பார்த்தேன். ஒன்று என்று இருந்தது.

யாரோ கடிதத்தை மேற்கோள் காட்டியிருந்தார்கள். கட்டுரையைத் திறந்தேன். எழுதியவர் அந்தச் சின்ன டாக்டர். கணக்கு தவறவிட்ட ஒன்பது பேரைப் பற்றிய கட்டுரை. ஒன்பது வரியில் ஓர் அட்டவணை. மூன்றாவது வரி: 'பெண், 54, எண் 1.1, துணுக்கு ஆறு துண்டுகள்.' பெயர் போட மாட்டார்கள், அது வழக்கம். எனக்குப் பெயர் எதற்கு? ஆறு துண்டையும் எண்ணியவள் நான். கடைசிப் பக்கத்தில் ஆதாரப் பட்டியலில் எங்கள் மூன்று பெயரும் இருந்தன. நான் எழுதியதாக உலகத்தில் இருக்கிற ஒரே ஒரு எழுத்து அது. அதற்குக் கிடைத்த முதல் மேற்கோளில் என் அக்கா மூன்றாவது வரியில் இருக்கிறாள்.

டீச்சரைப் போனில் கூப்பிட்டேன்.

"டீச்சர், இன்னைக்கு எவ்வளவுன்னு கேளுங்க."

"எவ்வளவு?"

"ஒண்ணு."

டீச்சர் அழுதார். நானும்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார், "ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தக் கடிதத்தை அவர் ஏன் அவ்வளவு நாள் அனுப்பாம வெச்சிருந்தார்? எப்ப கேட்டாலும் 'என் சோம்பேறித்தனம்'னு சொல்லிட்டு எழுந்து போயிடுவார். பதவிக்காக ஒரு உயிரைப் பலி குடுத்துட்டீங்களேன்னு நான் சண்டைகூட போட்டிருக்கேன். அதுக்கும் பதில் சொல்லல. நீங்க கூடவே இருந்தீங்க. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். முன்பு ஒருதடவை வாய் கூசாமல் சொன்னவள்தானே நான்.

"அவர் வெச்சிருக்கல டீச்சர். நான்தான் வெச்சிருந்தேன். என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. நான் போடல. அவர் கேட்டப்ப பொய் சொன்னேன்."

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவருக்கு?"

"தெரியும். அக்காவுக்கு ஊசி போட்ட அன்னைக்கே தெரியும்."

டீச்சர் போனை வைக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. யாரிடமோ சொல்வதைப் போலச் சொன்னார்:

"இத்தனை வருஷமா நான் அவரையில்ல திட்டிட்டிருந்தேன்."